பாட்டின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாட்டு இரண்டாகப் பிரிந்துவிடும். மேல்பாதி அம்மாவுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா, விரலில் ஏறிய கறுப்புக் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிய பாட்டை மெதுவாக எடுப்பாள். நான் தட்டுகளை அலசிக்கொண்டு அதற்கு அடியில் போய் நின்றுகொள்வேன். அம்மா ஏறுவாள், நான் ஏற மாட்டேன். அம்மா வளைவாள், நான் நேராகப் போவேன். வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும். அந்தச் சமையலறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது புகை வாசனை இல்லை, அந்த இரண்டு குரல்கள்தான்.

அம்மா இல்லாத நாளில் நான் தனியாகப் பாடினால் மட்டும் வம்பு. வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கத்துவாள்: "என்னட்டி பாட்டு இது? பாதிதான் கேக்கு! மீதிய யாரு பாடுவா, பூனையா?"

கேரள மலையில், சூரியநெல்லியில், லயம் என்கிற எங்கள் எஸ்டேட் வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில்; சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். தகரக் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, பாட்டு மட்டும் கேட்கும். அங்கே பாடகர் குழுவைப் பழக்கியவர் கோயில் ஊழியம் பார்க்கிற எங்கள் உபதேசியார். பகலில் எஸ்டேட் ஸ்டோரில் வேலை, சாயங்காலம் கரும்பலகையில் டோ ரே மி. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதை நாலு குரலாகப் பிரித்துவிட்டுத்தான் ஓய்வார். மெட்டு பாடுகிற பெண்கள் முன்வரிசை. அவர்களுக்குக் கீழே இன்னொரு குரல், ஆல்ட்டோ, இரண்டாம் வரிசை. ஆண்களில் இரண்டு. ஒரு தாலாட்டை அவர் கையில் கொடுத்தால் அதற்கும் நாலு குரல் போட்டுப் பிள்ளையை எழுப்பிவிடுவார் என்று அப்பா கிண்டல் செய்வார்.

எனக்குச் சின்ன வயதிலேயே குரல் கனம். ஆறாம் வகுப்பில் உபதேசியார் என்னை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, தோளைப் பிடித்து இரண்டாம் வரிசையில் நிறுத்தினார். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை நான் அங்கிருந்து நகரவே இல்லை. மெட்டு என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் ஒரு சங்கதி. அது எப்போதும் இருக்கும், மழை மாதிரி. யாராவது பாடிக்கொண்டுதான் இருப்பார்கள். முன்வரிசை அக்காக்கள் பாடுவார்கள், சபை பாடும், அம்மா பாடுவாள். நான் ஏன் பாட வேண்டும்?

பயிற்சியின் நடுவில் உபதேசியார் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்துவார். "ஆல்ட்டோ மட்டும். தனியாப் பாடு." நாங்கள் எங்கள் பகுதியை மட்டும் பாடிக் காட்டுவோம். என்னை மட்டும் பாடச் சொன்னால், நான் மட்டும். சுருதி விலகவில்லை என்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அந்தச் சாய்வுக்காக ஒரு வாரம் பயிற்சி செய்வேன். ஆகவே என் அகராதியில் தனியாகப் பாடுவது என்றால் இதுதான். பின்னால் என்னைக் கவிழ்த்ததும் இதேதான்.

*

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரம், அப்பாவும் நானும் பூப்பாறையில் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற கடைக்குப் போனோம். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் சங்கீதத்தில் பட்டம் படிக்கலாம் என்று நான் போனில் பார்த்துவைத்திருந்தேன். பார்த்த நாளிலிருந்து தரையில் கால் பாவவில்லை. வீட்டில், பள்ளியில், ஜீப்பில், கோழிக்குத் தீனி போடும்போது, எல்லா இடத்திலும் அதே பேச்சு.

கடைக்கார அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மியூசிக் டிகிரி எந்நு சும்மா சொன்னா போதாது மோளே. நாலு இருக்கு. வோக்கல், வீணை, வயலின், மிருதங்கம். ஏதாணு வேண்டது?"

சங்கீதம் என்றால் ஒரே சாப்பாடு என்று நினைத்துப் போனவளுக்கு முன்னால் ஓட்டலில் மெனு கார்டு நீட்டின மாதிரி இருந்தது. இது போக மேஜர் என்று ஒரு முக்கியப் பாடம், மைனர் என்று ஒரு துணைப் பாடம். மூன்று வருடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், விரும்பினால் நாலாவது வருடமும் படிக்கலாம்.

அப்பா எட்டிப் பார்த்தார். "நாலையும் சேத்துப் படிக்க முடியாதா தம்பி?"

"சேட்டா, இது மிக்சர் அல்ல."

"சரி, இதுல எதுக்கு வேலை கெடைக்கும்?"

கடைக்கார அண்ணன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "முதல் ஆப்ஷன் சொல்லு மோளே," என்றார்.

"பாட்டு," என்றேன். யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது?" என்றார். கடனே என்று வயலின் என்று சொன்னேன். கோயிலில் உபதேசியாரின் பழைய கீபோர்டு தவிர வேறு வாத்தியத்தை நான் தொட்டதே கிடையாது.

அப்பாவோடு ஜீப்பில் திரும்பினேன். தேயிலை ஃபாக்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர் என்பதால் அவருக்குப் பேச்சு கம்மி, பேசினால் சத்தம் அதிகம். எங்கள் வளைவில் இறங்கியதும் சொன்னார்: "இந்தா பாரு. தேனியில உங்க சித்தி நர்சிங்குக்குச் சொல்லி வச்சிருக்கா. சீட்டு காத்துக்கிட்டுக் கெடக்கு. அந்தக் காலேஜுல பாட்டு கெடைச்சா போ, நான் தடுக்கல. பாட்டு கெடைக்கலன்னா மறுபேச்சு பேசாம நர்சிங். சம்மதமா?"

"சம்மதம்ப்பா."

"அழுவக் கூடாது."

"நான் எதுக்கு அழப் போறேன்? கெடைச்சிரும்."

அந்த வயதில் அவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஏழு வருடம் பாடகர் குழுவில் நின்றவள், ஒரு நாளும் சுருதி விலகாதவள். எனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

*

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். மூணாறு, மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பிறகு மறுபடி எல்லை தாண்டிப் பாலக்காடு. அம்மா எஸ்டேட்டில் விடுப்பு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். மறையூர் வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாடிப் பார்த்தபடியே வந்தேன். என் பகுதியைத்தான். கண்டக்டர் ஒரு முறை திரும்பிப் பார்த்து, "பாப்பாவுக்குக் காய்ச்சலா, முனகுது?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கல்லூரிக்குப் போனோம். நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். ஒரு அறையில் வீணை, அடுத்ததில் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், மாடியில் மிருதங்கம். எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வராந்தாவில் வந்து விழுந்தன. நாலு குரல் கேட்டு வளர்ந்த எனக்கு அது இரைச்சலாகத் தெரியவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வராந்தா பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், உறைபோட்ட மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கூட அவளுடைய அப்பா, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் என்று இரண்டு நிமிடத்தில் அவரே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க புள்ளைக்கு எதுங்க?"

"பாட்டு," என்றாள் அம்மா.

"அதான் பாருங்க, நல்ல புள்ளை. எங்கூட்டுப் புள்ளைகிட்ட வீணை எடு சாமின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லீட்டனுங்க. வீணைன்னா ஊட்ல ஒரு மூலையில சும்மா நின்னாக்கூட மரியாதைங்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவிய கேட்டா, வீணை வாசிக்குதுன்னா ஒரு இதுங்க. இது என்னடான்னா மத்தளம் கொட்டறேங்குது!"

அந்தப் பெண் உறையின் மேலேயே விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். "வீணைய மூலைல நிறுத்தி வெக்கறதுக்கு நான் எதுக்குங்கப்பா மூணு வருசம் படிக்கோணும்? பீரோ வாங்கி நிறுத்துங்க," என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அப்போதே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

*

உள்ளே இரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்ட மலையாள வாத்தியார், எல்லோருக்கும் மாஷ். இன்னொருவர் பாலக்காட்டு அக்கிரகாரத் தமிழ் பேசுகிற டீச்சர். நடுவில் சின்ன சுருதிப் பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரிஞ்சது எது வேணும்னாலும் பாடு கொழந்தே," என்றார் டீச்சர். "தனியா, நிதானமா, பயப்படாமப் பாடு."

தனியா. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் எங்கள் கோயிலின் இரண்டாம் வரிசையில் போய் நின்றுகொண்டேன். அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபை பாடும் பாட்டு ஒன்று. ஏலக்காயும் வாழைத்தாரும் சேவலும் காணிக்கையாக வந்து பீடத்துக்கு முன்னால் குவியும்போது பாடுவது. கையைக் கட்டி, முதுகை நிமிர்த்தி, அதை எடுத்தேன். சுத்தமாகப் பாடினேன். ஒரே படியில் நின்று, எப்போதாவது அரைப்படி இறங்கி, மறுபடி அதே படிக்கு வந்து, மூன்று சரணமும் முழுசாக. முடித்ததும் மனதுக்குள் உபதேசியார் தலையைச் சாய்த்தார்.

இங்கே யாரும் சாய்க்கவில்லை. மாஷ் பேனாவை மூடித் திறந்தார். டீச்சர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இது என்னதுடி கொழந்தே?" என்றார் மெதுவாக. "பாட்டோட அடிப்பக்கம் மட்டும் கொண்டுவந்திருக்கே. மேல்பக்கம் எங்கே? ஆத்துல வெச்சுட்டு வந்துட்டியா?"

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டன. "மேல்பக்கம் மத்தவங்க பாடுவாங்க டீச்சர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மத்தவா இல்லையே இப்போ. நீயே பாடேன்."

பாடத் தொடங்கினேன். ஏழு வருடம் தலைக்கு மேலே போன மெட்டு, மனப்பாடமாகத் தெரிந்த மெட்டு. முதல் வரியில் பாதி தூரம் போனேன். அதற்குள் என் குரல் தானாகச் சறுக்கிக் கீழே இறங்கி, பழக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. வீட்டுக்குத் தெரிந்த வழியில் மாடு போகிற மாதிரி, எங்கே இழுத்தாலும் தொழுவத்துக்கே போயிற்று. மூன்றாம் முறை நானே நிறுத்திவிட்டேன். மனதில் தேனி தெரிந்தது. வெள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு நான் யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"இதை முழுசா ஆருதான் பாடுவா?" என்றார் டீச்சர்.

"அம்மா பாடும்."

"அம்மா வந்திருக்காளா?"

மாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டீச்சரே, வெளியில் இனியும் குட்டிகள் இருக்கு. அட்மிஷன் அம்மைக்கல்ல."

"இருக்கட்டும் மாஷே. அரை இட்லியைத் தின்னுட்டு ருசி சொல்ல முடியுமோ? கூப்பிடு அவாளை."

அம்மாவைக் கூப்பிட்டதும், நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். பாட வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது என்னைப் பார்த்தாள். கோபமா பயமா என்று தெரியாத ஒரு பார்வை. "இங்கனயா? கோயில்ல இல்லாம எப்படிட்டி பாடுறது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. எங்கள் சபையில் பாட்டு என்றால் எழுந்து நிற்க வேண்டும்.

அம்மா எடுத்தாள். சுருதிப் பெட்டிக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளுக்கு எந்த உயரம் சௌகரியமோ அதில் எடுத்தாள். பெட்டி ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு ரீங்கரித்தது. டீச்சர் குனிந்து அதை அணைத்தார். இரண்டாம் வரியில் நான் அம்மாவுக்கு அடியில் போய் நின்றேன். நிற்பதற்கு இடம் இருந்தது. எங்கள் சபையில் வரி முடியும் இடமெல்லாம், வயதானவர்கள் மூச்சு வாங்கட்டும் என்று எல்லோரும் காத்திருப்போம். அம்மா அங்கேயும் காத்திருந்தாள், சபையே இல்லாத அறையில், சபை முழுவதும் மூச்சு வாங்கட்டும் என்று. நானும் காத்திருந்தேன். முடிந்ததும் அம்மா, "ஆமென்" என்று வேறு சொன்னாள். மாஷ் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு வாய்ப்பாட்டில் இடம் கொடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை.

"நல்ல காது," என்றார் டீச்சர். "காது ஒண்ணாந்தரம். ஆனா கொழந்தே, இங்கே வாய்ப்பாட்டுன்னா ஒத்தையடிப் பாதை. மேலேயும் கீழேயும் ஆரும் வரமாட்டா. உன் குரல் பக்கத்துல ஆள் தேடறது. ஒத்தையா நடந்து வரவா நெறையப் பேர் உனக்கு முன்னாடி நிக்கறா. வயலின்னு ரெண்டாவதா போட்டிருக்கியே, அதுல இடம் இருக்கு. வயலின் இன்னொருத்தரோட கூடப் போற வாத்தியம். மைனரா வாய்ப்பாட்டு எடுத்துக்கலாம். மத்தியானத்துக்குள்ள சொல்லு."

*

வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவோடு போட்ட ஒப்பந்தத்தில் அழக் கூடாது என்ற பகுதியை முதலில் மீறினேன். எருத்தேன்பதிப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏனுங்க, உள்ள பாடினது நீங்களும் அம்மாவுங்களா? நானு வெளியில தாளம் போட்டுப் பார்த்தனுங்க. ஒவ்வொரு வரி முடியறப்பவும் தாளம் எங்கியோ ஓடிப்போயிருச்சு!"

"அது மூச்சு வாங்குற இடம்," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அட, சொல்லியிருந்தா நானும் வாங்கியிருப்பனுங்கல்ல?"

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். சிரித்ததால் பேச முடிந்தது. அம்மாவிடம் சொன்னேன்: பாட்டு கிடைக்கவில்லை, வயலின்தான் கிடைக்கிறது, அப்பா பாட்டு என்றுதானே சொன்னார், வயலின் என்றால் நர்சிங்தான்.

அம்மா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது விரல்கள் கொழுந்து கிள்ளுவதுபோல அசையும். "வயலின்னா தோள்ல வச்சு இழுக்குறதுதான?"

"ஆமா."

"உனக்குப் பிடிக்குமா?"

"தெரியலம்மா. தொட்டதே இல்ல. ஆனா இங்க இருக்கணும்."

மாடியில் மிருதங்கம் நின்று மறுபடி தொடங்கியது. அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஃபாக்டரிக்கு அடித்தாள். அப்பாவின் பின்னால் இயந்திரங்கள் உறுமுவது எனக்கே கேட்டது.

"இந்தாங்க, கேக்கா? கெடைச்சிருச்சு!" என்று கத்தினாள் அம்மா.

"பாட்டா?" என்று அந்தப் பக்கம் அப்பா அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமா, பாட்டுதான்! வைக்கேன், இங்க சத்தமாக் கெடக்கு!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"எம்மா!"

"என்ன எம்மா? நான் பாடுனனா இல்லியா? பாட்டுப் பாடித்தான கெடைச்சிச்சு? அப்ப பாட்டுதான். போய்ச் சொல்லு அந்த டீச்சரம்மாட்ட."

போய்ச் சொன்னேன்.

*

முதல் மூன்று மாதம் என் வயலினில் துருப்பிடித்த கதவு மட்டும்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஆரம்பப் பாடமான சரளி வரிசை. விடுதியில் என் அறைத்தோழி அந்த எருத்தேன்பதிக்காரிதான். கடைசியில் அவளுக்கு மிருதங்கமே கிடைத்தது. அவளுடைய அப்பா ஊரில் எல்லோரிடமும், எம்புள்ளை தாளத்துல டிகிரி படிக்குது என்று ஏதோ பெரிய இலாகா மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பழகுவோம். பக்கத்து அறைப் பெண்கள் சுவரைத் தட்டுவார்கள். "அவிய தட்டறதும் தாளத்துலதானுங்க இருக்குது," என்பாள் இவள்.

வாய்ப்பாட்டு மேஜர் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க எங்களை அனுப்புவார்கள். பாடுகிறவள் எங்கே போகிறாளோ அங்கே, ஒரு இழை பின்னால், அதே வழியில் போக வேண்டும். எனக்கு அது கை வந்த கலை என்று நினைத்தேன். முதல் நாளே பாடிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். "எங்கடி போறே நீ?" நான் அவளுக்கு அடியில் போயிருந்தேன். வில் தானாகவே அங்கே இறங்கியிருந்தது. டீச்சர் சிரித்துவிட்டார். "கூடப் போகச் சொன்னா கீழே போறியே. ரெண்டும் ஒண்ணில்லைடி." அப்புறம் எத்தனையோ முறை இறங்கினேன், எத்தனையோ முறை ஏற்றிவிட்டார். மைனர் வகுப்பில் தொண்டையையும் பிடித்து அதே மாதிரி மேலே இழுத்தார்கள். எப்போது நின்றது என்று தெரியாது. ஒரு நாள் ஒரு கீர்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை ஒத்தையாகப் பாடி முடித்துவிட்டு, யாரும் மேலே இல்லை என்பதையே நான் கவனிக்கவில்லை என்று உணர்ந்தேன். அன்று விடுதி கேன்டீனில் அறைத்தோழிக்குப் பழம்பொரி வாங்கிக்கொடுத்தேன்.

அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, ஜீப்பிலிருந்து இறங்கியவளின் தோளில் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார் அப்பா.

"இது என்ன பெட்டி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தபடியே சொன்னாள்: "பாட்டு அதுக்குள்ளதான் இருக்கு. வாங்க, சோறு ஆறுது."

அப்பா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். ஒரு தந்தியை விரலால் தொட்டார், அது ஒலித்ததும் சூடுபட்ட மாதிரிக் கையை எடுத்துக்கொண்டார். "இத்தன மாசமா என்னைய ரெண்டு பேரும் சேந்து ஏமாத்திருக்கீங்க," என்றார் பிறகு. "சரி. வாசி, கேப்போம்." எனக்குத் தெரிந்தது சரளி வரிசை. முற்றத்தில் உட்கார்ந்து அதையே வாசித்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்து போயிற்று. அப்பா முழுவதும் கேட்டார். அதன்பிறகும் இன்று வரை ஃபாக்டரியில் யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: எம்மக பாலக்காட்டுல பாட்டுப் படிக்கா.

*

இப்போது மூன்றாம் வருடம். நாலாவது வருடமும் படிப்பதா, இதோடு நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூட வேலைக்கு முயற்சி செய்வதா என்று விடுதியில் நானும் அறைத்தோழியும் தினமும் சண்டை போடுகிறோம். சண்டையிலும் அவள் ங்க போடுவதை விடுவதில்லை.

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கோயிலில் இரண்டாம் வரிசையில் என் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். ஆறாம் வகுப்புதான் இருக்கும், கனத்த குரல். நான் சபையில் அம்மாவோடு உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அம்மா பாட்டை எடுத்தாள். அதே அறுப்பின் பண்டிகைப் பாட்டு. நானும் சேர்ந்துகொண்டேன். நன்றாகத்தான் பாடினேன் என்று நினைக்கிறேன். இரண்டாம் வரியில் அம்மா நிறுத்திவிட்டுத் திரும்பினாள், கையில் சாம்பல் நார்.

"நீ ஏன்ட்டி எம் பாட்டப் பாடுற?"

எனக்கு விளங்கவில்லை. நான் அம்மாவின் மெட்டிலேயே, அவள் மேலேயே, அச்சுப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தேன். கல்லூரியில் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தது அதைத்தானே.

"இதைத்தான எல்லாரும் பாடுறோம். மூணு வருசமா நான் ஒத்தையிலதான் கழுவிக்கிட்டுக் கெடக்கேன், அடியில ஒண்ணுமே இல்லாம. உம் பாட்டப் பாடு."

அம்மா மறுபடி எடுத்தாள். நான் கீழே இறங்கப் பார்த்தேன். முன்பு சறுக்கிக்கொண்டு தானாகப் போன இடம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஒரு வரி தவறினேன். இரண்டாவதிலும் பாதி வரை மெட்டு என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அம்மா நிறுத்தவில்லை, வரி முடிந்த இடத்தில் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்தாள். மூன்றாம் வரியில் அந்த ஒற்றைப் படி காலில் தட்டியது. ஏறி நின்றுகொண்டேன்.

"ஆங்," என்றாள் அம்மா, பாட்டுக்கு நடுவிலேயே, அடுத்த தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டு.